பிரெஞ்சு டோஸ்ட் சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யுங்கள்

காலையில் கால் மணி நேரத்தில் முடிந்துவிட வேண்டிய இனிப்பு பிரெஞ்சு டோஸ்ட், எந்த வீட்டில் கெட்டாலும் அதே ஏழெட்டு விதமாகத்தான் கெடுகிறது. கெட்டதும் எல்லோரும் முதலில் கைவைப்பது கலவையில்தான்: இன்னொரு முட்டை, இன்னும் கொஞ்சம் பால், அதுவும் சரிப்படவில்லை என்றால் வேறு ரெசிபி. பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்காது, பிரெட்டில் இருக்கும் ஈரத்திலும் அடுப்பின் தீயிலும்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் சொல்லியிருக்கிறேன். தவா மாற்றுவது, ஆளைக் கூப்பிடுவது எல்லாம் கடைசியில். உங்கள் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

அதற்கு முன்னால், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவு. சாதாரண சாண்ட்விச் பிரெட் 4 ஸ்லைஸுக்கு 2 முட்டை, 120 மில்லி பால், 1 டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, வாசனைக்குப் பட்டைத்தூளோ வெனிலாவோ. உங்கள் அளவு இதிலிருந்து ரொம்ப விலகியிருந்தால் முதலில் இதற்கு வாருங்கள், அப்புறம் மற்றதைப் பார்க்கலாம். இன்னொன்று, நாலு ஸ்லைஸையும் ஒன்றாக நனைத்து வைத்துவிடாதீர்கள். ஒன்றை மட்டும் போட்டு எடுத்து, நடுவில் வெட்டிப் பாருங்கள். என்ன கோளாறு என்று அந்த ஒரு துண்டே சொல்லிவிடும், மீதி மூன்றையும் காப்பாற்றிவிடலாம்.

## நடுவில் சொதசொதவென்று இருக்கிறது

அதிகம் பேர் சொல்லும் புகார் இதுதான். இதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டுக்கும் மருந்து வேறு. வெட்டிய ஸ்லைஸைக் கரண்டியின் முதுகால் லேசாக அழுத்துங்கள். மஞ்சளாக நீர் கசிந்தால் முட்டை இன்னும் வேகவில்லை. எதுவும் கசியாமல், ஆனால் உள்ளே கூழ் மாதிரி கனமாக அமுங்கினால் முட்டை வெந்துவிட்டது, பிரெட்தான் தாங்க முடியாத அளவுக்குக் கலவையைக் குடித்திருக்கிறது.

நீர் கசிகிறது என்றால்: தீ அதிகம், நேரம் குறைவு. தீயைக் குறைத்து, தவாவை மூடி, இரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். பிரெட் 2 செ.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால் அடுப்பில் மட்டும் வேகவைக்க நினைக்காதீர்கள். இருபுறமும் நிறம் வந்ததும் 180 டிகிரி செல்சியஸில் சூடாக இருக்கும் ஓவனுக்குள் ஐந்து முதல் எட்டு நிமிடம் வைத்து எடுங்கள். சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், முட்டை சேர்ந்த பண்டத்துக்கு 71 டிகிரி வந்துவிட்டால் போதும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுப்பதாக இருந்தால் இந்த விஷயத்தில் சமரசம் வேண்டாம்.

கூழ் மாதிரி அமுங்குகிறது என்றால்: பால் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று முதலில் பாருங்கள். ஒரு முட்டைக்கு 60 மில்லிக்கு மேல் போய்விட்டால், உள்ளே கெட்டிப்பட முட்டை பத்தாது. பால் சரியாகத்தான் இருந்தது என்றால், பிரெட் எப்போது வாங்கியது? அன்றைக்கு வந்த புது பிரெட்டில் ஏற்கெனவே ஈரம் நிறைய இருக்கும், மேற்கொண்டு கலவையைத் தாங்க அதற்குத் தெம்பு கிடையாது. ஒரு நாள் பழசானதுதான் இதற்கு ஏற்றது. பழசு இல்லையா, ஸ்லைஸ்களைப் பரப்பி 150 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வையுங்கள், அல்லது டோஸ்டரில் நிறம் மாறாத அளவுக்கு ஒரு சுற்று விட்டு எடுங்கள். மேல்பக்கம் விரலுக்குச் சொரசொரப்பாகப் படவேண்டும், ஆனால் வளைத்தால் உடையக் கூடாது, அதுதான் பதம்.

அதுவும் செய்தாகிவிட்டது என்றால் ஊறும் நேரம்தான் மிச்சம். மெல்லிய ஸ்லைஸுக்குப் பக்கத்துக்கு 15 முதல் 20 விநாடி போதும். போனில் வந்த ஒரு மெசேஜைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அது முழுகிவிடும். தூக்கிப் பிடித்தால் கலவை தாரையாக ஒழுகாமல் இரண்டு மூன்று சொட்டு சொட்டி நின்றுவிட வேண்டும்.

எப்படிச் செய்தாலும் கூழாகிறது என்றால் பிரெட்டின் ரகத்தை மாற்றுங்கள். விரலால் அமுக்கினால் பஞ்சாக ஒட்டிக்கொள்ளும் மலிவு ரகத்தை விட்டுவிட்டு, கொஞ்சம் இறுக்கமான, வெட்டாத முழு பிரெட்டாக வாங்கி நீங்களே தடிமனாக வெட்டிக்கொள்ளுங்கள். வெண்ணெயும் முட்டையும் சேர்த்துச் செய்த பிரியோஷ் போன்ற பிரெட் இன்னும் நன்றாக இருக்கும், விலைதான் கூட.

## தூக்கும்போதே பிய்ந்து போகிறது

மேலே சொன்ன அதே கோளாறுதான், ஒரு கட்டம் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது, அவ்வளவுதான். பிரெட்டைக் காயவைப்பது, நேரத்தைக் குறைப்பது இரண்டும் இங்கேயும் செல்லும்.

கூடவே பாத்திரத்தைக் கவனியுங்கள். ஆழமான கிண்ணத்தில் பிரெட்டைச் செங்குத்தாக முக்கினால் கீழ்ப்பாதி ஊறிக் கனத்துத் தொங்கும், மேல்பாதி காய்ந்திருக்கும், தூக்கியதும் நடுவில் இரண்டாகிவிடும். ஸ்லைஸ் படுக்கையாகப் படியும் அளவுக்கு விளிம்புள்ள தட்டையான தட்டு எடுத்துக்கொண்டு, அதை அடுப்புக்குப் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்துத் தூக்குவதற்குப் பதில், அடியில் தட்டையான கரண்டியைக் கொடுத்துத் தூக்குங்கள். பிய்ந்தே போனாலும் குப்பையில் போட வேண்டாம்: துண்டுகளை வெண்ணெய் தடவிய கிண்ணத்தில் அடுக்கி, மீதிக் கலவையை ஊற்றி, 180 டிகிரியில் 20 முதல் 25 நிமிடம் வைத்தால் பிரெட் புட்டிங் ஆகிவிடும். யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

## வெளியே கருகல், உள்ளே பச்சை

தீ. வேறு காரணம் தேடுவதற்கு முன் தீயைப் பாதியாகக் குறையுங்கள். அவசரத்தில் எல்லோரும் பெருந்தீயில் வைக்கிறார்கள், ஆனால் இது பெருந்தீயில் சீக்கிரம் வேகிற பண்டம் இல்லை, சீக்கிரம் கருகுகிற பண்டம். மிதத்துக்கும் சிம்முக்கும் இடையில் வைத்து, மெல்லிய ஸ்லைஸுக்குப் பக்கத்துக்கு இரண்டரை முதல் மூன்று நிமிடம், தடிமனுக்கு நாலு ஐந்து நிமிடம் கொடுங்கள்.

தவாவின் சூட்டை வெண்ணெயை வைத்தே பார்த்துவிடலாம். ஒரு சின்னத் துண்டு போடுங்கள். உருகி, நுரைத்து, அந்த நுரை மெல்ல அடங்கினால் பிரெட்டைப் போடும் நேரம் அதுதான். போட்ட நொடியே பழுப்பாகிப் புகைந்தால் சூடு அதிகம், இறக்கி வைத்து ஆறவிட்டுத் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். உருகி மஞ்சளாகச் சும்மா படுத்துக்கிடந்தால் சூடு பத்தவில்லை.

தீயைக் குறைத்தும் கருகுகிறதா? வெண்ணெயைப் பாருங்கள். வெண்ணெயில் இருக்கும் பால் திடப்பொருள் 150 டிகிரி வாக்கிலேயே நிறம் மாறிக் கருகத் தொடங்கிவிடும். முதல் ஸ்லைஸ் பொன்னிறமாக வரும், மூன்றாவதில் கறுப்புப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு வரும், கசக்கும். பாதி வெண்ணெய், பாதி வாசனையில்லாத எண்ணெய் என்று போட்டால் கொஞ்சம் தாங்கும். ஆனால் எண்ணெய் சேர்த்ததால் திடப்பொருள் காணாமல் போய்விடாது, ஆகவே ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே டிஷ்யூ தாளை இடுக்கியால் பிடித்துத் தவாவைத் துடைத்துவிடுங்கள். நெய்யில் அந்தத் திடப்பொருள் இல்லாததால் இந்தத் தொல்லையே கிடையாது, வாசனை உங்களுக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் போடலாம்.

அடுத்த சந்தேகம் கலவையின் இனிப்பு. தேன் ஊற்றியிருந்தால் அது வெள்ளைச் சர்க்கரையைவிடச் சீக்கிரம் கறுக்கும். கண்டென்ஸ்டு மில்க் ஊற்றியிருந்தால் அதன் எடையில் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான், அதற்கு மேல் தனியாகச் சர்க்கரையும் போட்டிருந்தால் கருகாமல் என்ன செய்யும்? இனிப்பு கூடுதலாக வேண்டும் என்றால் கலவையில் சேர்க்காதீர்கள், வெந்த பிறகு மேலே தூவுங்கள், மேலே ஊற்றுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும், அடுப்பை முழுக்கச் சிம்மில் வைத்தும் கருகினால் தவாவின் அடி ரொம்ப மெல்லியது. அடி கனமான ஒன்று வாங்குவதுதான் வழி. வாங்குகிற வரைக்கும் இரும்புத் தட்டு ஒன்றை அடியில் கொடுத்து அதன்மேல் தவாவை வைத்து ஒப்பேற்றலாம்.

## தவாவில் ஒட்டிக்கொள்கிறது

திருப்பும் அவசரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் கெட்டிப்பட்டு நிறம் வந்ததும் ஸ்லைஸ் தானாகவே விடுபடும். தவாவை லேசாக ஆட்டினால் ஸ்லைஸ் நகர வேண்டும், நகரவில்லை என்றால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். சுரண்டி எடுத்தால் பொன்னிற மேல்தோல் தவாவிலும் வெறும் ஈர பிரெட் கரண்டியிலும்தான் மிஞ்சும்.

பொறுத்தும் ஒட்டினால் தவா சூடாவதற்கு முன்பே பிரெட்டைப் போட்டிருப்பீர்கள், அல்லது முதல் சுற்றுக்கு மட்டும் வெண்ணெய் தடவிவிட்டு இரண்டாவதை மறந்திருப்பீர்கள். போன சுற்றில் சிந்திய சர்க்கரைக் கலவை பிசினாகக் கிடக்கிறதா என்று பாருங்கள், அதன்மேல் எதைப் போட்டாலும் ஒட்டும்.

நான்ஸ்டிக் தவாவாக இருந்து, முன்பு ஒட்டாமல் இப்போது ஒட்டினால், அது ஆறியதும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவில் மட்டும் மங்கலாக, பழுப்பாக ஒரு வட்டம் தெரிந்தால் பல தடவை சூடேறிப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கு அது. வெந்நீரில் சமையல் சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவைத்து மென்மையான பஞ்சால் தேய்த்தால் பெரும்பாலும் போய்விடும். பூச்சு உரிந்து அடி உலோகம் தெரிந்தால் தேய்த்துப் பிரயோஜனமில்லை, மாற்றிவிடுங்கள். புதிதாக வாங்கியதைக் காலியாகப் பெருந்தீயில் வைத்துச் சூடாக்கும் பழக்கம் வேண்டாம், 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும், காலித் தவா அந்தச் சூட்டை எட்ட அதிக நேரம் ஆகாது.

## நிறமே வரவில்லை, வெளுத்துக் கிடக்கிறது

தவாவில் இடமில்லாமல் நாலு ஸ்லைஸைத் திணித்திருந்தால் இப்படித்தான் ஆகும். ஈரம் ஆவியாகப் போக வழியில்லாமல் அவிந்துவிடும், இரண்டிரண்டாகப் போடுங்கள். ஆரம்பத்திலிருந்தே மூடி வைத்திருந்தாலும் இதே கதைதான். மூடுவது உள்ளே வேகவைக்க மட்டும், கடைசி ஒரு நிமிடம் திறந்து வைத்தால்தான் மொறுமொறுப்பு வரும். கலவையில் சர்க்கரையே போடாதவர்களுக்கும் நிறம் மந்தமாகத்தான் வரும், ஒரு டீஸ்பூனாவது போடுங்கள்.

## ஒரு பக்கம் கறுப்பு, ஒரு பக்கம் வெள்ளை

இதற்கு ஒரு நல்ல சோதனை இருக்கிறது. பழைய பிரெட் துண்டுகளை எண்ணெய் எதுவும் இல்லாமல், தவாவின் பரப்பு முழுவதும் மூடும்படி அடுக்குங்கள். மிதமான தீயில் மூன்று நிமிடம் வைத்துவிட்டு, வரிசை கலையாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். எங்கே சூடு அதிகம், எங்கே சூடே இல்லை என்பது படமாக உங்கள் முன்னால் இருக்கும்.

நடுவில் மட்டும் கறுத்த வட்டம் இருந்தால் பர்னரைவிடத் தவா பெரிது. சின்னத் தவாவுக்கு மாறுங்கள், அல்லது வேகும்போது ஸ்லைஸ்களை இடம் மாற்றி மாற்றி வையுங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் உள்ளே கம்பிச்சுருள் (coil) இருக்கும் இடத்துக்கு நேராக வளையமாகக் கறுக்கும், கனமான அடியுள்ள பாத்திரத்தில் அது குறையும்.

ஒரே ஓரமாகக் கறுத்திருந்தால் தவாவைப் பாதி சுற்றித் திருப்பி வைத்து, அதே சோதனையை மறுபடி செய்யுங்கள். கறுப்பும் தவாவோடு சேர்ந்து சுற்றிவிட்டால் தவாவின் அடி வளைந்திருக்கிறது. சமதளமான மேடையில் வைத்து ஓரத்தை அழுத்திப் பாருங்கள், ஆடும். அதை அடித்து நிமிர்த்த முயல வேண்டாம். தவாவைச் சுற்றியும் கறுப்பு அதே இடத்தில் இருந்தால் கோளாறு அடுப்பில்.

கேஸ் அடுப்பு என்றால், முழுக்க ஆறிய பிறகு பர்னர் மூடியைக் கழற்றி, சோப்பு நீரில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஓட்டைகளைத் தேயுங்கள். நன்றாகக் காயவிட்டு, பள்ளத்தில் சரியாக உட்காரும்படி மாட்டுங்கள். சாய்ந்து உட்கார்ந்திருக்கும் மூடி ஒரு பக்கமாகத்தான் எரியும், பல நேரம் விஷயம் இவ்வளவுதான்.

இதற்கு மேல் உங்கள் வேலை இல்லை: சுத்தம் செய்தும் தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திரத்தின் அடியில் கரி படிகிறது, தீ விட்டுவிட்டு எரிகிறது என்றால் அடுப்பு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். கேஸ் வெளிவரும் சின்னத் துளையான ஜெட்டைக் குண்டூசியால் குத்துவது, ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்ப்பது எல்லாம் வேண்டாம். கேஸ் வாடை அடித்தால் டோஸ்ட் கிடக்கட்டும்: வால்வை மூடி, ஜன்னல் கதவைத் திறந்து, எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியே வந்து அவசர உதவிக்குப் போன் செய்யுங்கள். இண்டக்‌ஷனோ ஓவனோ போட்டதும் மின்சாரம் டிரிப் ஆகிறது, தொட்டால் ஷாக் அடிக்கிறது என்றாலும் அதே மாதிரிதான், மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனுக்காகக் காத்திருங்கள்.

## முட்டை வாடை, மேலே ஆம்லெட் திட்டு

வெள்ளைக்கரு சரியாகக் கலக்கவில்லை. கரண்டியால் கலவையைத் தூக்கி ஊற்றிப் பாருங்கள், வழவழவென்று கயிறாக இறங்கினால் இன்னும் அடிக்க வேண்டும். பாலை ஊற்றுவதற்கு முன்பே முட்டையை உப்பும் சர்க்கரையும் போட்டு முட்கரண்டியால் ஒரு நிமிடம் அடித்துவிடுங்கள், பால் சேர்ந்த பிறகு அடித்தால் கட்டி நழுவிக்கொண்டே இருக்கும். அப்படியும் திட்டு வந்தால் வடிகட்டிக்கொள்ளுங்கள், ஒரு நிமிட வேலை. அடிக்க அடிக்கச் சின்னச் சின்னக் கட்டிகளாகத் திரிந்தால் பால் சூடாக இருந்திருக்கிறது, முட்டை பாத்திரத்திலேயே வெந்துவிட்டது. ஆறிய பாலில்தான் செய்ய வேண்டும்.

கலவை நன்றாக இருந்தும் வாடை அடித்தால், ரொம்ப நேரம் வெந்திருக்கலாம், வெள்ளைக்கரு அதிகம் வெந்தால் கந்தக வாடை வரும். நேரத்தைக் குறையுங்கள். பிடிக்காதவர்கள் ஒரு முழு முட்டைக்குப் பதில் இரண்டு மஞ்சள் கரு போட்டுப் பார்க்கலாம், வாசனையும் குறையும், உள்ளே கஸ்டர்டு மாதிரியும் இருக்கும். உடைத்ததுமே நாறுகிற முட்டைக்கு எந்த எசன்ஸும் உதவாது, கொட்டிவிடுங்கள். அதற்காகத்தான் ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்துச் சேர்ப்பது.

சாப்பிட்டதும் உதடு வீங்கினால், உடம்பில் தடிப்பு எழும்பினால், மூச்சு இழுத்தால் அது சமையல் கோளாறு இல்லை. முட்டை, பால், கோதுமை மூன்றுமே ஒவ்வாமை தரக்கூடியவை, உடனே மருத்துவ உதவிக்குப் போங்கள்.

## உள்ளே வெறும் காய்ந்த பிரெட்

வெட்டினால் ஓரத்தில் மட்டும் மஞ்சள் கோடு, நடுவில் வெள்ளை. தடிமனான ஸ்லைஸை மெல்லிய ஸ்லைஸ் மாதிரி முக்கி எடுத்திருக்கிறீர்கள். 2 செ.மீ. ஸ்லைஸுக்குப் பக்கத்துக்கு ஒன்று இரண்டு நிமிடம் கொடுங்கள், நன்றாகக் காய்ந்திருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. ஊறியதா என்று பார்க்க நடுவில் விரலால் அமுக்குங்கள், உள்ளே கெட்டியாக எதுவும் தட்டுப்படக் கூடாது.

## பட்டைத்தூள் மிதந்து ஒரே ஸ்லைஸில் அப்பிக்கொள்கிறது

பட்டைத்தூள் பாலில் கரையாது. முதலில் அதைச் சர்க்கரையோடு விரலால் கலந்துவிட்டு, ஒரு ஸ்பூன் பால் விட்டுக் குழைத்து, அப்புறம் மீதியில் சேருங்கள். அப்படியும் கொஞ்சம் மேலே வரும், ஒவ்வொரு ஸ்லைஸுக்கும் முன்னால் ஒரு கலக்கு கலக்கினால் போதும்.

## எடுக்கும்போது மொறுமொறு, தட்டுக்கு வந்ததும் தொய்வு

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினீர்களா? சூடான ஸ்லைஸிலிருந்து வரும் ஆவி பக்கத்து ஸ்லைஸை நனைத்துவிடும். கம்பி வலைமேல் பரப்பி வையுங்கள். எல்லோரும் சேர்ந்து உட்கார நேரமாகும் என்றால் அந்த வலையோடு 100 டிகிரி ஓவனில் வைத்தால் இருபது நிமிடம்வரை அப்படியே இருக்கும். சிரப், தேன், பழம் எதுவானாலும் சாப்பிடுகிறவர் தட்டில், சாப்பிடும்போது.

மிஞ்சியதை மைக்ரோவேவில் சூடாக்கித்தான் ரப்பர் மாதிரி இழுக்கிறது என்று புலம்புகிறார்கள். முழுக்க ஆறியதும் மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் டோஸ்டரில் மிதமான அளவில் போட்டு எடுங்கள். அன்றைக்கு இருந்ததைவிட ஓரம் மொறுமொறுப்பாக வரும்.